கிளட்சை மிதித்தால் சத்தம் நிற்கிறதா?

கேள்வி:

ஐயா, நானும் என் கணவரும் மந்தைவெளியில் சின்ன அளவில் கேட்டரிங் நடத்துகிறோம். சீமந்தம், ஆயுஷ்ஹோமம், அறுபதாம் கல்யாணம் என்று ஐம்பது பேர், நூறு பேர் சாப்பாடு. ஆட்டோவிலும் வாடகை வண்டியிலும் அண்டா குண்டான்களை ஏற்றி இறக்கி அலுத்துப்போய், எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு புரோக்கர் மூலமாக 2013 மாடல் மாருதி ஈக்கோ வாங்கினோம். மீட்டரில் 71,000 கிலோமீட்டர் காட்டியது.

மூன்று மாதம் குறையில்லாமல் ஓடியது. அப்புறம் சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது சீட்டுக்கு அடியில் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். காலையில் முதல் கால்மணி நேரம் செகண்ட் கியர் விழ மறுத்து 'கர்' என்று கடிக்கும். வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக், "கிளட்ச் போயிடுச்சும்மா" என்று கிளட்ச் செட் முழுவதையும் மாற்றினார். 11,500 ரூபாய். சத்தம் அப்படியே இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டால், "இது பாக்ஸ் சத்தம்மா, அது வேற வேலை" என்கிறார். தி.நகரில் இன்னொருவர் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாக்ஸ் காலி. புதுப்பேட்டையில வேற பாக்ஸ் எடுத்து வெச்சிடலாம், 28 ஆகும்" என்றார். அடையாறில் மூன்றாமவர், "ஓப்பன் பண்ணிப் பார்த்தாத்தான் தெரியும். பத்தும் ஆகலாம், இருபத்தஞ்சும் ஆகலாம்" என்கிறார். இதற்குள் ஐம்பது வேகத்தைத் தாண்டினால் பின்பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரமும் சேர்ந்துகொண்டது.

மார்கழி வரப்போகிறது. யாரை நம்புவது? முதலில் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? இல்லை, வண்டியையே தள்ளிவிடலாமா? எனக்கு வண்டி ஓட்டத் தெரியும், வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வாசகி (பெயர் வேண்டாம்), மந்தைவெளி, சென்னை-28

பதில்:

ஒன்றும் தெரியாது என்று நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'கிளட்சை மிதித்தால் நின்றுவிடும்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்கு 11,500 ரூபாய் மதிப்பு உண்டு. அதை முதல் மெக்கானிக்கிடம் சொன்னீர்களா, அவர்தான் கேட்டாரா? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. "சத்தம் வருதா? வண்டிய விட்டுட்டுப் போங்க, பார்த்துக்கலாம்" என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

ஈக்கோவில் என்ஜின் உங்கள் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதை ஒட்டி கிளட்ச், அதன் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து ஒரு நீளமான புரொபெல்லர் ஷாஃப்ட் பின் ஆக்ஸிலுக்குப் போகிறது. நியூட்ரலில் பெடலில் கால் வைக்காமல் நிற்கும்போது வண்டிதான் நிற்கிறது, பாக்ஸுக்குள் பாதி சாமான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிளட்சை முழுக்க மிதித்தால் என்ஜினுக்கும் பாக்ஸுக்கும் தொடர்பு அறுந்து, உள்ளே சுற்றுவது நின்றுவிடும். ஆகவே மிதித்ததும் நிற்கிற சத்தம், மிதித்ததும் நிற்கிற சாமானிலிருந்துதான் வரவேண்டும். பாக்ஸின் முன்வாசலில் உள்ள இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல்தான் முதல் சந்தேகம், அதன் கீழே ஓடும் கவுன்ட்டர் ஷாஃப்ட்டின் பேரிங் அடுத்தது. கிளட்ச் செட்டில் வரும் ரிலீஸ் பேரிங் கெட்டால் கதை தலைகீழ். மிதிக்கும்போதுதான் அது கத்தும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ரிலீஸ் பேரிங் சும்மா உரசிக்கொண்டிருந்தாலும் பெடலை விட்ட நிலையில் 'கீச் கீச்' என்று கேட்கும். அதையும் இதையும் பிரிக்க ஒரு வழி: நாளைக் காலை வண்டியை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் வைத்து, பெடல்மேல் செருப்பின் கனம் மட்டும் படும்படி லேசாகக் காலை வையுங்கள். அந்தத் தொடுதலிலேயே சத்தம் நின்றால் ரிலீஸ் பேரிங், அல்லது அதைத் தள்ளும் ஃபோர்க். பெடல் பாதிக்குமேல் இறங்கிய பிறகு, ஊளை மெல்லத் தேய்ந்து அடங்கினால் பாக்ஸின் பேரிங். நீங்கள் 'ஊளை' என்று எழுதியிருப்பதையும், ரிலீஸ் பேரிங் ஏற்கெனவே புதிதாகிவிட்டதையும் சேர்த்துப் பார்த்தால், நான் பாக்ஸ் பேரிங் பக்கம்தான் பணம் கட்டுவேன்.

நான் வேலை பழகிய ராயப்பேட்டை ஷெட்டில் மேஸ்திரி ஒருவர் இருந்தார். மரக் கைப்பிடி போட்ட நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பாக்ஸ்மேல் ஊன்றிப் பிடியைக் காதில் ஒட்டிக்கொள்வார். முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று இடம் மாற்றி மாற்றிக் கேட்பார். அந்த நேரம் பக்கத்தில் யாராவது ஸ்பேனரைக் கீழே போட்டால் தொலைந்தான். அரை நிமிஷத்தில் எந்தப் பேரிங் என்று சொல்லிவிடுவார், பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். உங்கள் மூவரில் யாராவது அப்படி வண்டிக்கு அடியில் படுத்துக் கேட்டார்களா? தெருமுனைவரை ஓட்டிவிட்டு 'பாக்ஸ் காலி' என்று சொல்வது நோய் பார்ப்பது இல்லை.

செகண்ட் கியர் சமாசாரம் வேறு. லஸ் கார்னரில் வேகம் குறைத்துப் போகிற பஸ்ஸில் ஏறுகிறவர், பஸ்ஸின் வேகத்துக்கு நாலடி கூடவே ஓடிவிட்டுத்தான் படியில் காலை வைப்பார். கியருக்குள் இந்த 'கூட ஓடுகிற' வேலையைச் செய்வது சின்க்ரோ ரிங். அது தேய்ந்துவிட்டால் ஓடாமலேயே ஏறப் பார்த்த கதைதான், 'கர்' என்று பல் கடிக்கும். நகரத்து வண்டிகளில் செகண்ட் கியரின் சின்க்ரோதான் முதலில் தேயும், நாளெல்லாம் அதில்தானே ஓட்டுகிறோம். காலையில் மட்டும் கடித்து, வண்டி சூடானதும் சரியாவது ஆரம்பநிலைத் தேய்மானத்தின் அடையாளம். தவறான ஆயில் ஊற்றியிருந்தாலும் இப்படியே இருக்கும்.

ஆனால் சின்க்ரோமேல் பழி போடுவதற்கு முன்னால் என்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்த வண்டியில் வெண்ணெயாக விழுந்து, ஓடும் என்ஜினில் ரிவர்ஸ் உட்பட எல்லாமே முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுசாக விலகவில்லை என்று பொருள். கிளட்ச் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லாமல் விட்டிருப்பார்கள். புது கிளட்ச் போட்ட வண்டியில் இது அடிக்கடி நடக்கும். பத்து நிமிஷ வேலை, பழைய மெக்கானிக்கே காசு வாங்காமல் செய்து தரவேண்டியது. செகண்ட் மட்டும்தான் கடிக்கிறது என்றால் சின்க்ரோதான்.

பின்பக்க ரீங்காரத்துக்குச் சாலையில் ஒரு சோதனை இருக்கிறது. ஞாயிறு விடியற்காலை அண்டாக்களையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, சாந்தோம் வழியாகக் காமராஜர் சாலைக்கு வண்டியை எடுங்கள். பின்னால் பாத்திரம் கிடந்தால் எந்த மேஸ்திரிக்கும் எதுவும் காதில் விழாது. சாலை காலியாக இருக்கும்போது ஐம்பதைத் தொட்டு, நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிடாதீர்கள், பிரேக் கல்லாகிவிடும். நியூட்ரலில் உருளும்போதும் ரீங்காரம் வேகத்தோடு சேர்ந்தே குறைந்தால், அது பாக்ஸில் உள்ள பற்களின் வேலையில்லை. புரொபெல்லர் ஷாஃப்ட், பின் ஆக்ஸில், வீல் பேரிங், இல்லையென்றால் சும்மா டயர். ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் ஒடிக்கும்போது சத்தம் ஒரு பக்கம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஒரு சுருதி, விட்டால் இன்னொரு சுருதி என்றால் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அடியில் 'டக்' என்று ஒரு தட்டல் சேர்ந்து வந்தால் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் லூஸ்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 28,000 கொடுத்து வேறு பாக்ஸ் மாட்டிய பிறகும் இந்த ரீங்காரம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது என் பலமான சந்தேகம். அப்போது தி.நகர்க்காரரும், "அது ஆக்ஸில் சத்தம், அது வேற வேலை" என்பார். அந்த வசனத்தை நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை காசு கொடுத்துக் கேட்டுவிட்டீர்கள்.

நானும் கேட்டவன்தான். பல வருஷத்துக்கு முன் என்னிடம் ஓர் ஆம்னி இருந்தது. சினிமாவில் ஆள் கடத்துவதற்கென்றே செய்த மாதிரி வருமே, அதேதான். மேடு ஏறும்போது தேர்ட் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். வேலைப்பளுவில் நான் பார்க்காமல் தெரிந்த ஷெட் ஒன்றில் விட்டேன். பாக்ஸைப் பிரித்து, ஃபோர்க் மாற்றி, ஸ்பிரிங் மாற்றி, பில்லும் வந்தது. ஆழ்வார்பேட்டை மேம்பாலம் ஏறினேன், மறுபடியும் நழுவியது. கடைசியில் பார்த்தால் பாக்ஸைத் தாங்குகிற மவுன்டிங் ரப்பர் கிழிந்திருந்தது. லோடு ஏறும்போதெல்லாம் பாக்ஸே எம்பியிருக்கிறது, லீவர் என்ன செய்யும்? எழுதுகிறவன் வண்டிக்கே இந்தக் கதி.

சரி, பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் உங்கள் செலவில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: ஆயிலை வடித்துப் பார்ப்பது. பாக்ஸிலும் பின் ஆக்ஸிலிலும் தனித்தனியாக. வெள்ளைத் தட்டு ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள், உங்களிடம் தட்டுக்கா பஞ்சம். வடிகிற ஆயில் கறுத்திருந்தால் வயசு, பயமில்லை. தட்டைச் சாய்த்தால் விபூதி கரைத்த மாதிரி சாம்பல் பசை கொஞ்சம் படிந்தால் இயல்பான தேய்மானம். வெயிலில் பிடித்தால் ஜிகினா மின்னுகிறதென்றால் ஏதோ ஒரு பேரிங்கோ ரிங்கோ உதிர்ந்துகொண்டிருக்கிறது. நகத்தால் எடுக்கும்படி பல் துண்டு அகப்பட்டால் அதைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் வண்டியை ஓட்டாதீர்கள்.

ஆயில் பால் விட்ட காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சென்னையில் பழைய வண்டி வாங்குகிறவர் இதை மறக்கவே கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. சீட்டுத் துணியைத் துவைத்து, பாயை மாற்றி, வாசனை அடித்து விற்றுவிடலாம். பின் ஆக்ஸிலின் மூச்சுத் துளை வழியாக உள்ளே போன தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை. அது பேரிங்கில் துருப் பொட்டு வைக்கும், ஒன்றிரண்டு வருஷம் கழித்து ரீங்காரம் ஆரம்பிக்கும். உங்கள் வண்டி 2013 மாடல், இரண்டு வெள்ளத்தையும் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. மாருதி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லி, பழைய சர்வீஸ் விவரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் கடைசியாகப் பதிந்த கிலோமீட்டர் 71,000-ஐத் தாண்டியிருந்தால் மீட்டர் கதையும் வெளியே வந்துவிடும்.

புது ஆயில் ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பாக்ஸுக்கு ஒன்று, ஆக்ஸிலுக்கு ஒன்று, இரண்டும் ஒரே ஆயில் இல்லை. வழக்கமாகப் பாக்ஸுக்கு ஜி.எல்.4 ரகம், கிரவுன் பினியனுக்கு ஜி.எல்.5. ஐந்து என்றால் நாலைவிட உசத்தி என்று நினைத்து இரண்டிலும் ஐந்தையே ஊற்றுகிற ஷெட்கள் இருக்கின்றன. அதில் இருக்கும் கந்தகச் சேர்க்கை பித்தளைச் சின்க்ரோவுக்கு ஆகாது. வண்டிக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே முடிவு. ஊற்றும் துளையின் கீழ் விளிம்பை ஆயில் தொட்டு வழிய ஆரம்பித்தால் அளவு சரி. இந்த ஆயில் மாற்றத்திலேயே காலை நேரக் கடி பாதி குறைந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி அந்த மூவர்.

முதலாமவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நோயைத் தப்பாகப் பார்த்திருக்கிறார், ஆனால் கிளட்ச் மாற்றியது வீண் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து லஸ்ஸிலும் மந்தைவெளியிலும் பனகல் பார்க் பக்கமும் அரை கிளட்சில் ஊர்வதுதான் பிழைப்பு. அதுவும் சாம்பார் அண்டாவை ஏற்றிக்கொண்டு. அவரிடம் போய்ப் பணத்தைக் கேட்பதற்கு முன்னால், "அண்ணே, கழட்டுன பழைய பிளேட்டைக் காட்டுங்க" என்று கேளுங்கள். பிளேட்டில் ரிவெட் தலைகள் மேற்பரப்போடு மட்டமாகிவிட்டிருந்தால், பிரஷர் பிளேட்டில் சூட்டு நீலம் பாய்ந்திருந்தால், அது மாற்றவேண்டிய கிளட்ச்தான். மனம் ஆறிக்கொள்ளலாம். ரிவெட் நன்றாக உள்ளடங்கியிருக்கிறது, பழைய ரிலீஸ் பேரிங்கைக் கையில் சுற்றினால் நறநறக்காமல் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது என்றால் பேச இடமிருக்கிறது. பழைய சாமானே இல்லை, இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்றால்? அதுவும் ஒரு பதில்தான். பாக்ஸை இறக்கித்தானே கிளட்ச் போட்டார்? இறக்கிய பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டை விரலால் ஒருமுறை ஆட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மறுபடி இறக்குகிற லேபரை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. நான் இருந்தால் பணம் திருப்பிக் கேட்கமாட்டேன், இந்த லேபரைத்தான் கேட்பேன். கிடைக்க வாய்ப்புள்ளது அதுதான்.

தி.நகர்க்காரரின் யோசனை அவருக்குச் சுலபம். ஒரு பாக்ஸைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் மாலைக்குள் வண்டி வெளியே போய்விடும். புதுப்பேட்டைப் பாக்ஸ் என்றாலே மட்டம் என்று சொல்லமாட்டேன். கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் பிரித்து அடுக்கிய வண்டிகளில் நல்ல சாமானும் வரும், வெள்ளத்தில் நின்ற சாமானும் வரும். எடுக்கத்தான் வேண்டும் என்றால் மெக்கானிக்கை மட்டும் அனுப்பாமல் கூடவே போங்கள். தரையில் வைத்த பாக்ஸில் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மேலும் கீழும் ஆட்டினால் ஷாஃப்ட் ஆடக்கூடாது. பல்வரிசை கூர்மையாகத் தேய்ந்திருக்கக் கூடாது. அடைப்பைத் திறந்து மிச்ச ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். ஆம்னி பாக்ஸ் ஈக்கோவுக்கு ஆகாது, அதனால் எந்த மாடலில் கழற்றியது என்பதைக் கேளுங்கள். பில் தரமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள், அந்தப் பாக்ஸ் யார் வண்டியிலிருந்து வந்ததோ.

அடையாறு ஆளின் 'ஓப்பன் பண்ணிப் பார்த்தாத்தான் தெரியும்' என்ற பேச்சைக் கேட்டதும் பலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கோ மூவரில் இவர்மேல்தான் கொஞ்சம் மரியாதை வருகிறது. பேரிங் போனது வெளியே கேட்கும். அது போகும்போது பக்கத்து கியரின் பல்லையும் கூட்டிக்கொண்டு போனதா என்பது பிரித்தால்தான் தெரியும், அவர் சொல்வது நிஜம். நீங்கள் செய்யவேண்டியது அந்த வேலையை இரண்டாக உடைப்பது. இறக்கிப் பிரித்துக் காட்ட இவ்வளவு என்று முதலில் ஒரு தொகை. பிரித்ததும் வாட்ஸ்அப்பில் படம், அல்லது நேரில் போய்ப் பார்வை. எந்தெந்தச் சாமான், என்ன விலை, லேபர் எவ்வளவு என்று பட்டியல். அதற்கு நீங்கள் 'சரி' என்று பதில் போட்ட பிறகுதான் அடுத்த ஸ்பேனர். வேண்டாம் என்று முடிவு செய்தால் பழையபடி மாட்டித் தர என்ன கூலி என்பதையும் முதல்நாளே பேசிவிடுங்கள், அதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். கேட்டரிங்கில் நீங்கள் செய்வதும் இதுதானே? அட்வான்ஸ், ஐட்டம் லிஸ்ட், இலைக்கணக்கு. பந்தியில் உட்கார்ந்த பிறகு யாரும் புதுசாகப் பாயசம் கேட்கமுடியாது.

பாக்ஸ் ஒருமுறை பிரிந்தால் உள்ளே இருக்கும் பேரிங்குகள், ஆயில் சீல்கள், செகண்ட் கியர் சின்க்ரோ எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். லேபர் ஒன்றுதான். கெட்ட பேரிங்கை மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடித்தால் ஆறு மாதத்தில் மறுபடி இறக்கவேண்டி வரும். என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்று அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் புது கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டால் 11,500-ம் கரைந்துபோகும். மவுன்டிங் ரப்பரையும் மறக்கவேண்டாம், என் கதை ஞாபகமிருக்கட்டும்.

சாமானை நீங்களே ஜி.பி. ரோட்டில் வாங்கித் தரலாமா என்று கேட்பீர்கள். தரலாம், ஆனால் மெக்கானிக்கிடம் முதலிலேயே சொல்லிவிட்டு. சாமானில் கிடைக்கும் நாலு காசை அவர் லேபரில் கொஞ்சம் ஏற்றிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், நியாயம்தான். கடையில் "கம்பெனியா, லோக்கலா?" என்று கேட்பார்கள். பேரிங்கிலும் சின்க்ரோவிலும் லோக்கல் வேண்டவே வேண்டாம். மாருதி ஜென்யூன் பார்ட்ஸ் பெட்டியில் பார்ட் நம்பரும் எம்.ஆர்.பி.யும் அச்சாகியிருக்கும். பெட்டியோடு வாங்கி, பெட்டியோடு கொடுத்து, கழற்றிய பழைய சாமானை அதே பெட்டிகளில் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று கேட்டிருப்பதால் சட்டத்தைப் பற்றியும் சொல்கிறேன். வண்டி ஷெட்டுக்குள் இருக்கும்போது பில்லுக்காகச் சண்டை போடாதீர்கள். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையை வேலை செய்தவருக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான், பழைய பாக்கிக்கெல்லாம் பிடித்துவைக்க முடியாது. தொகையில் தகராறு என்றால் பில்லிலேயே 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கட்டி வண்டியை வெளியே எடுங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். தொழிலுக்கு ஓடும் வண்டி என்று எதிர்த்தரப்பு கிளப்பும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிகக் கணக்கில் தள்ளக்கூடாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. இத்தனைக்கும் ஆதாரம் பில். துண்டுச் சீட்டில் '11,500 பெய்டு' என்று எழுதி வாங்கியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள், ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனாலும் இந்தத் தொகைக்கு நடையாய் நடப்பதைவிட, அந்த லேபர் பேச்சைப் பேசி முடிப்பது உங்கள் மார்கழிக்கு நல்லது.

புரோக்கர் மூலம் வாங்கியது என்பதால் ஒரு சந்தேகம்: ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்கியதோடு பலர் இருந்துவிடுகிறார்கள். ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். வண்டி வெள்ளை போர்டா மஞ்சள் போர்டா என்றும் நீங்கள் எழுதவில்லை. சொந்த உபயோக வண்டி என்று பதிந்து, அதில் தொழில்முறையாகச் சரக்கு ஏற்றினால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதையே காரணமாக வைத்துக் கையை விரிக்கக்கூடும். இதை உங்கள் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்கலாமா என்றால், இப்போது வேண்டாம் என்பேன். ஊளையிடும் பாக்ஸோடு கொண்டுபோனால் வாங்குகிறவர் 28,000 இல்லை, 40,000 குறைத்துக் கேட்பார். ஆம்னியை 2019-இல் நிறுத்திவிட்டார்கள், ஈக்கோ 2010-இலிருந்து இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி, சாமானுக்கும் கைவேலை தெரிந்தவர்களுக்கும் சென்னையில் குறைவில்லை. 2028-இல் பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டிவரும். அதுவரை உழைக்கிற மாதிரி பாக்ஸைச் செய்துகொள்ளுங்கள், அதற்குமேல் என்ஜினில் பெரிய வேலை வந்தால் அப்போது பேசலாம். பின் ஆக்ஸில் ஆயில் மட்டும் பால் காபியாக வந்துவிட்டால் என் கணக்கு மாறும்.

அதனால் வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெடல் சோதனை, என்ஜின் அணைத்துக் கியர் போடுவது, ஞாயிறு காலை காமராஜர் சாலை ஓட்டம், இந்த மூன்றும் முடிந்தபின் ஆயிலை வடித்து, அந்த வெள்ளைத் தட்டு இரண்டையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எது பாக்ஸ், எது ஆக்ஸில் என்று தட்டின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.